நாற்பத்தொன்றாம் நம்பருக்கு ஐம்பத்தி நாலு

இந்தா, இப்ப எந்திரிச்சிருவேன். தாரணிக்குக் கைதட்டி முடிக்கட்டும், எந்திரிச்சு நேரா மேசைக்குப் போயி, டீச்சர் இந்தாங்க லீவு லெட்டர், ஒன்பது நாளா வரலை, மஞ்சக்காமாலை, அதனால இடைப்பருவத் தேர்வும் எழுதலைன்னு கடகடன்னு ஒப்பிச்சிட்டு வந்துர வேண்டியதுதான். இதுல என்ன இருக்கு? வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கேன்? காலையிலயும் இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். முதல் மணி அடிச்சதும் ஜெசிந்தா டீச்சர் வந்தாங்க. ஒரு கையில செல்லு, ஒரு கையில வருகைப்பதிவேடு, கக்கத்துல ஸ்காலர்ஷிப்புக்குக் கையெழுத்து வாங்குற பேப்பரு. வாசல்ல நின்னவாக்குலயே "யாரு வரலை?"ன்னாங்க. லீடர் தாரணி எந்திரிச்சு மூணு பேரு சொன்னா. தினமும் அதே மூணு பேருதான், அவய்ங்க பள்ளிக்கூடத்துக்கு வந்தாத்தான் அதிசயம். டீச்சர் செல்லுல வராதவங்களுக்கு மூணு தட்டு தட்டிட்டு, "சத்தம் போடாதீங்க, எட்மாஸ்டர் கூப்பிடுறாரு"ன்னு திரும்பிட்டாங்க. நான் லெட்டரைக் கையில பிடிச்சுக்கிட்டு ரெண்டாவது பெஞ்சு வரைக்கும் போயிருந்தேன். டீச்சர் என்னைத் தாண்டித்தான் போனாங்க, முந்தானை என் கையில உரசுச்சு, "வழி விடும்மா"ன்னாங்க. நானும் விட்டேன். அதான் என் பொழப்பு, யாரு வந்தாலும் வழி விடுறது. அப்பத்தான் எனக்கு ஒண்ணு உறைச்சுச்சு. யாரு வரலைன்னு கேட்டா தாரணி சுத்திப் பார்த்துச் சொல்றா. அந்த ஒன்பது நாளும் அவ சுத்திப் பார்த்திருக்கா. அந்த ஒன்பது நாளும் மூணு பேருதான் சொல்லியிருக்கா. அப்ப நான் வந்திருக்கேன். கம்பு நட்ட மாதிரி இங்கனயே உட்கார்ந்திருக்கேன், வீட்டுல பாயில படுத்துக்கிட்டே.

தாரணி தொண்ணூத்தி ஏழு. கைதட்டு. அடுத்து யாரோ தொண்ணூத்தி நாலு, கைதட்டு. டீச்சர் எப்பவும் இப்படித்தான் பேப்பர் குடுப்பாங்க. மொதல்ல தொண்ணூறுக்கு மேல, ஒவ்வொருத்தரா பேரு சொல்லி, முன்னால கூப்பிட்டு, தோள்ல தட்டி. அப்புறம் பெயிலு, அதுவும் ஒவ்வொருத்தனா, பேரு சொல்லி, திட்டி, சில பேருக்கு அவங்க அப்பா பேரையும் சேர்த்துச் சொல்லி. அதுக்குப் பிறகு மேசையில ஒரு கட்டு மிச்சம் இருக்கும். அதைப் பிரிக்கக்கூட மாட்டாங்க. "தாரணி, இதைக் குடுத்துரு"ன்னு நீட்டுவாங்க. அந்தக் கட்டுல இருக்கறதுதான் நாங்க. முப்பது முப்பத்தஞ்சு பேரு. எங்க பேரை யாரும் வாய்விட்டுச் சொல்றதில்லை, தாரணிகூட பேப்பரைப் பார்த்து, மூஞ்சியைப் பார்த்து, பெஞ்சு மேல போட்டுட்டுப் போயிட்டே இருப்பா. இது ஒரு குத்தமான்னு கேட்டா குத்தமில்லைதான். அறுபத்தி நாலு பேரு. பின்கட்டடத்தை இடிச்சதுலருந்து ரெண்டு செக்சனையும் ஒண்ணாப் போட்டு இந்த ஒரு ரூம்புல அடைச்சு வச்சிருக்காய்ங்க. நாலு பேரு உட்கார்ற பெஞ்சுல அஞ்சு பேரு. ஓரத்துல இருக்கறவளுக்குப் பாதி உடம்பு வெளியதான் இருக்கும், அந்த ஓரம் நான். வெளிய மழை, ஜன்னல் கதவு கிடையாது, சட்டையெல்லாம் ஈரவாடை, மதியம் போட்ட முட்டை வாடை. கடைசி பெஞ்சுல ராசுப்பாண்டி ஆட்டுக்குட்டி மாதிரி கத்துறான். டீச்சர் டஸ்டரை மேசையில ஓங்கித் தட்டுறாங்க, தட்டினதும் நாலு பெஞ்சு அமைதியாகுது, பின்னால அப்படியேதான் இருக்கு. "ராசுப்பாண்டி, கொன்னுருவேன்!" பாருங்க, அவன் பேரு எப்படி வாயில வருது. வருசத்துல எத்தனை தடவை அவன் பேரைச் சொல்லியிருப்பாங்க? ஆயிரம் இருக்குமா? என் பேரு? ஒருவாட்டி, ஜூன் மாசம், புஸ்தகம் குடுக்கும்போது. அதுவும் சங்கரேஸ்வரியைச் சண்முகேஸ்வரின்னு. நான் திருத்தலை. எதுக்கு, பாவம், வரிசையா ஆள் நின்னுச்சு.

"முப்பத்தஞ்சுக்குக் கீழ வாங்கினவன் எல்லாம் காதைத் திறந்து கேட்டுக்கோ. நாளையிலருந்து சாயங்காலம் நாலரை மணி. முக்கோணவியல் முதல் கணக்குலருந்து திரும்ப எடுக்கப் போறேன். ஒருத்தனும் ஓடக் கூடாது. இந்தப் பிரியட் முடியவும் லிஸ்டை ஆபீஸ்ல குடுத்துருவேன், அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காதீங்க." ஆத்தாடி. முக்கோணவியல். நான் படுத்துக் கிடந்த ஒன்பது நாளும் நடந்தது அதுதான். பாதிப் பாடம் நடக்கலை, முழுப் பாடமும் அந்த ஒன்பது நாளுக்குள்ளயே வந்து முடிஞ்சுபோச்சு, எனக்குன்னே பார்த்து. அந்த நாலரை மணி கிளாசு எனக்கு வேணும். அதை மெல்லக் கற்போர் வகுப்புன்னு போர்டுல எழுதியிருப்பாங்க, பயலுக மெல்ல கிளாசும்பாய்ங்க, அதுல உட்கார்ந்தா மானம் போச்சுன்னு பொம்பளைப் பிள்ளைக அழும். அழுதா அழுதுட்டுப் போகுது, எனக்கு வேணும். காலையில சுபைதாட்ட நோட்டு வாங்கிப் பார்த்தேன். ஒரு விளக்குக் கம்பம், அதுல இருந்து ஒரு கோடு, கீழ ஒரு கோணம், கோணத்துக்குள்ள முட்டைக்குக் குறுக்கக் கோடு போட்ட மாதிரி ஒரு எழுத்து. தீட்டாவாம். "இது எங்கருந்துடி வந்துச்சு?"ன்னேன். "அது வரும்டி"ன்னா. "எப்படி வரும்?"னேன். "டீச்சர் போட்டாங்க, நான் எழுதினேன், என்னைய என்ன கேக்குற"ன்னா. அவளும் என் கட்டுதானே. அவளுக்கும் தெரியலை, ஆனா எழுதி வச்சிருக்கா. எனக்கு எழுதினதும் இல்லை.

ஒன்பது நாள். முதல் ரெண்டு நாள் ஒண்ணும் தெரியலை, வாந்தியும் மயக்கமுமாப் போச்சு. அம்மா பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல காய் நறுக்குற வேலைக்குப் போகாம கூடவே இருந்துச்சு. மூணாம் நாளு கீழாநெல்லி அரைச்சுக் குடுத்துட்டு வேலைக்குப் போயிருச்சு, செல்லை என் பக்கத்துல வச்சுட்டு. "பள்ளிக்கூடத்துலருந்து போன் வரும், நீயே பேசிரு, எனக்கு என்ன பேசணும்னு தெரியாது"ன்னு சொல்லிட்டுப் போச்சு. ஏன்னா ரூல் அப்படி. பிள்ளை வரலைன்னா அன்னைக்கே வீட்டுக்குப் போன் போகணும், ஜூன் மாசக் கூட்டத்துலயே சொன்னாங்க. நான் செல்லை நெஞ்சு மேல வச்சுக்கிட்டே படுத்திருந்தேன். இப்ப முதல் பிரியட் முடிஞ்சிருக்கும், இப்ப தமிழய்யா வந்திருப்பாரு, இப்ப தண்ணி மணி, இப்ப டீச்சர் பார்த்திருப்பாங்க, அட சங்கரேஸ்வரி எங்கன்னு கேட்டிருப்பாங்க, சுபைதா சொல்லியிருப்பா. என்ன பேசணும்னு ஒத்திகைகூடப் பார்த்து வச்சிருந்தேன். குட்மார்னிங் டீச்சர், எனக்கு உடம்பு சரியில்லை டீச்சர், அடுத்த வாரம் வந்துருவேன் டீச்சர். ரெண்டு தடவை போன் அடிச்சுச்சு. ஒண்ணு லாரியிலருந்து அப்பா. இன்னொண்ணு லோன் வேணுமாங்கிற பொம்பளை. அஞ்சாம் நாளு அம்மா கேட்டுச்சு, "டீச்சர் பேசினாகளா?" இல்லைன்னேன். "உன் மேல அம்புட்டு நம்பிக்கைடி அவுகளுக்கு. நல்ல பிள்ளை, சும்மா லீவு போடாதுன்னு தெரியும்ல"ன்னுச்சு. சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டேன். காய்ச்சலை விட அதுதான் சுட்டுச்சு, உள்ளதைச் சொல்லணும்னா.

கட்டு வந்துருச்சு. தாரணி வர்றா, மேல மேல போட்டுக்கிட்டே வர்றா. சுபைதாவுக்கு நாப்பத்தாறு. அந்தப் பக்கத்துக்காரிக்கு அம்பத்தொண்ணு. என்னைப் பார்த்தா. கையில இருக்கற பேப்பரைப் பார்த்தா. மறுபடி என்னைப் பார்த்தா, ஒரு நொடி, புருவத்தைச் சுருக்கி, இவளை எங்கயோ பார்த்திருக்கமேங்கிற மாதிரி. கேளுடி, எங்க உன் பேப்பருன்னு கேளு, நீ கேட்டா நான் சொல்லிருவேன், தானா வாயைத் திறக்கத்தான் எனக்கு வரமாட்டேங்குது, கேட்டா வந்துரும். தாரணி அடுத்த பெஞ்சுக்குப் போயிட்டா. சுபைதா என் பக்கம் குனிஞ்சு, "உனக்கு வரலையா? ஓ, நீதான் எழுதலையே"ன்னா. "நான் வரலைன்னு நீயாவது சொல்லியிருக்கலாம்லடி?" "யாருட்ட?" "டீச்சர்ட்ட." "கேட்டாத்தானே சொல்ல முடியும்? நானா எந்திரிச்சுச் சொன்னா, நீ யாருடி வக்கீலான்னு திட்டு விழும்." அப்புறம், "ஆனா நீ இல்லாதப்ப பெஞ்சு நல்லா காத்தோட்டமா இருந்துச்சு"ன்னு சிரிச்சா. விளையாட்டுக்குத்தான் சொல்றா. எனக்குத் தெரியும். மத்த நாளா இருந்தா நானும் சிரிச்சிருப்பேன், முழங்கையால ஒரு இடி குடுத்திருப்பேன். இன்னைக்குச் சிரிக்க முடியலை, இந்தக் கழுதைக்காகவா ஆறு மாசமா பாதி உடம்பை வெளிய விட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்னு வருது. பின்னால எவனோ சாக்பீசு எறியுறான். என் தோள்ல பட்டுக் கீழ விழுது. எனக்கு எறிஞ்சது இல்லை, முன்னால தாரணிக்கு எறிஞ்சது.

அப்புறம் அந்த லிஸ்டு. மார்க்கு லிஸ்டு. பேப்பர் வாங்கின பிறகு எல்லாரும் அவங்கவங்க மார்க்குக்கு நேரா கையெழுத்துப் போடணும், அதுதான் நடைமுறை, நாளைக்கு யாரும் வந்து மார்க்கு குறைஞ்சிருக்குன்னு சண்டை போடக் கூடாதுன்னு. பையங்க பக்கமும் பின் பெஞ்சும் முடிஞ்சு, எங்க பக்கம் முதல் பெஞ்சுலருந்து வருது. பென்சில் டப்பா மேல வச்சுக் கையெழுத்துப் போட்டுப் போட்டுத் தள்ளுறாங்க. எனக்கு நேரா என்ன எழுதியிருக்கும்? ஒண்ணும் எழுதியிருக்காது. வெத்தா இருக்கும். இல்லைன்னா ஆப்சென்ட்னு சிவப்புல இருக்கும். அதைக் காட்டி நான் எந்திரிச்சிருவேன், டீச்சர் எனக்கு மார்க்கு இல்லைன்னு. அது சுலபம், பேப்பரே பேசிரும், நான் ஒண்ணும் விளக்க வேண்டாம். நல்லதாப் போச்சுன்னு காத்திருந்தேன். மூணாவது பெஞ்சு. நாலாவது. ராசுப்பாண்டி கூட்டம் ஏதோ சினிமாப் பாட்டைப் பாடுது, டீச்சர் பெயிலான ஒருத்தனை நிக்க வச்சு, "வீட்டுல உங்கம்மா என்ன பாடுபடுது தெரியுமாடா?"ன்னு அடித்தொண்டையில கேட்டுட்டிருக்காங்க, குரல் கம்மிப் போச்சு அவங்களுக்கு. லிஸ்டு எங்க பெஞ்சுக்கு வந்துச்சு. சுபைதா போட்டுட்டு என் பக்கம் தள்ளினா. நாப்பத்தொண்ணு, சங்கரேஸ்வரி, ஐம்பத்தி நாலு. நான் கண்ணைக் கசக்கிட்டுப் பார்த்தேன். நாப்பதுக்கும் நாப்பத்திரெண்டுக்கும் பார்த்தேன். விரலை வச்சு இழுத்துப் பார்த்தேன். ஐம்பத்தி நாலேதான். நீல மையி, டீச்சரோட கையெழுத்து, அந்த நாலுக்கு மேல திறந்து விடுற பழக்கம் அவங்களுக்குத்தான் உண்டு. எழுதாத பரீட்சைக்கு ஐம்பத்தி நாலு.

காலாண்டுல எனக்கு ஐம்பத்தி நாலு. அதுக்கு முந்தின டெஸ்டுல ஐம்பத்தி மூணு. ஒன்பதாங் கிளாசுல ஐம்பத்தஞ்சு. ஆக, இவங்களுக்கு என்னைத் தெரியுது. என் மூஞ்சி தெரியலை, நான் வந்தேனா வரலையான்னு தெரியலை, ஆனா எழுதினா எவ்வளவு எடுப்பேன்னு தெரிஞ்சிருக்கு, எழுதவே வேண்டாம்ங்கிற அளவுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, கேவலமா, மூக்குல. அதோட சேர்ந்து ஒரு சந்தோசமும் வந்துச்சு பாருங்க, அதைச் சொல்லத்தான் வெட்கமா இருக்கு. டீச்சர் ராத்திரி பகலா உட்கார்ந்து இதைப் போட்டப்ப, சங்கரேஸ்வரி, இவ எவ்வளவு வாங்குவான்னு ஒரு நிமிசம் என்னை நினைச்சிருப்பாங்கல்ல? அம்மாட்டப் போயி ஐம்பத்தி நாலும்மான்னா, காமாலையோட எழுதியே ஐம்பத்தி நாலா, தங்கம்னு நெட்டி முறிக்கும். ஒரு கையெழுத்து. பேனாவைத் தொட்டா முடிஞ்சுபோச்சு. யாருக்கும் ஒரு வம்பும் இல்லை, டீச்சருக்கும் இல்லை, தாரணிக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அப்புறம் மார்ச்சு வரும். கேள்வித்தாளுல விளக்குக் கம்பம் இருக்கும். தாரணிக்குப் பத்து மார்க்கு போனா எண்பத்தி ஏழு, அவளை யாரும் வீட்டை விட்டு அனுப்ப மாட்டாங்க. எனக்கு அந்தப் பாடம் போயி, பயத்துல இன்னும் ரெண்டு கணக்கு போயி, கை நடுங்கி இன்னொண்ணு போனா, முப்பத்தஞ்சு நிக்குமா? நிக்காட்டி? சித்தி மக நிக்கலை. முப்பத்தொண்ணு வாங்கினா. மறு மாசமே மில்லு ஆஸ்டல், மூணு வருசம், ராத்திரி சிப்டு. போனமுறை வந்தப்ப அவ பேசினது எனக்குக் கேக்கலை, ஏன்னா மிசினு சத்தத்துல இருந்து இருந்து அவளுக்கு மெதுவாப் பேச மறந்துபோச்சு, கத்துறா, நான் காதைப் பொத்திக்கிட்டேன். அம்மா கொடுமைக்காரி இல்லை. ஆனா பெயிலான பிள்ளையை வீட்டுல வச்சுக்க எங்க வீட்டுல வசதி இல்லை, அது எனக்கும் தெரியும் அதுக்கும் தெரியும், நாங்க அதைப் பேசிக்கிறதில்லை. "போடுடி, டீச்சர்ட்டக் குடுக்கணும்ல"ங்கிறா சுபைதா. போடட்டுமா? அந்த நாலரை மணி கிளாசுக்கு ஐம்பத்தி நாலு போனா டீச்சர் என்ன சொல்வாங்க? நீ எதுக்கு வந்த, நீ படிச்சுக்குவ, எடம் இல்லைம்பாங்க. நான் வழி விட்டுட்டு வந்துருவேன். இந்த எடத்துல இருக்கு சூட்சுமம். மேல இருக்கறவளுக்கு டீச்சர் இருக்காங்க, கீழ இருக்கறவனுக்கும் டீச்சர் இருக்காங்க, நடுவுல இருக்கற எனக்கு ஐம்பத்தி நாலு இருக்கு. "என்னடி பண்ற?" ஒண்ணும் பண்ணலை. லிஸ்டை எடுத்துக்கிட்டு எந்திரிச்சிட்டேன். நானா எந்திரிச்சேன், என் காலா எந்திரிச்சுச்சான்னு தெரியலை. "ஏ, கையெழுத்துப் போட்டுட்டுப் போ, பின்னாடி அனுப்பணும்"னு தாரணி கத்துறா. "பின்னாடி பையங்க மொதல்லயே போட்டாச்சு, அவங்க பக்கத்துலருந்துதான் வந்துச்சு, நாங்கதான் கடைசி"ங்கிறா சுபைதா. நடக்குறேன். அஞ்சு பெஞ்சு தூரம்.

மேசைக்கிட்டப் போயி நின்னேன். டீச்சர் நிமிரலை. "தண்ணிக்கா? பாத்ரூமா? போ, சீக்கிரம் வா"ன்னாங்க. "இல்லை டீச்சர்." "பின்ன என்ன?" ராசுப்பாண்டி மறுபடியும் கத்தினான், டீச்சர் என் தலைக்கு மேல அவனைப் பார்த்து விரலை ஆட்டினாங்க. இன்னும் ஒரு நொடி போனா நான் திரும்பி நடந்திருப்பேன், சத்தியமா. "டீச்சர், எனக்கு ஐம்பத்தி நாலு போட்டிருக்கீங்க." "குறைஞ்சிருச்சா? பேப்பரைக் கொண்டா." "பேப்பர் இல்லை டீச்சர். நான் பரீட்சை எழுதலை. அன்னைக்கு நான் வரலை. ஒன்பது நாளா வரலை." சொல்லிட்டேன். லெட்டரை நீட்டினேன், கசங்கிப் போயி, வேர்வையில மையி ஊறிக் கிடந்துச்சு. டீச்சர் லெட்டரைப் பார்த்தாங்க, லிஸ்டைப் பார்த்தாங்க, பதிவேட்டைத் திறந்து நாப்பத்தொண்ணாம் நம்பர்ல விரலை ஓட்டினாங்க. கோடு கோடா, ஒன்பது கட்டத்துலயும் நான் வந்திருந்தேன். அப்பத்தான் என் மூஞ்சியைப் பார்த்தாங்க. குரலைத் தணிச்சுக்கிட்டு, "நான் என்ன நினைச்சேன் தெரியுமா, பஸ்சுல கட்டு கீழ விழுந்துச்சு அன்னைக்கு, பொறுக்கும்போது உன் பேப்பர் தவறிருச்சுன்னு நினைச்சேன். நாந்தான் தொலைச்சேன்னு பயந்து, பாவம் பிள்ளைக்கு நஷ்டம் வரக் கூடாதுன்னு, எப்பவும் எடுக்குறதைப் போட்டேன்"ன்னாங்க. கோவமா வருவாங்கன்னு பார்த்தா, கெஞ்சுற மாதிரி இருந்துச்சு. "சரி விடு, நல்ல மார்க்குதானே. இருந்துட்டுப் போகட்டும்." "எனக்கு நாலரை கிளாசு வேணும் டீச்சர். முக்கோணவியல் ஒண்ணுமே தெரியாது." "அதுக்குப் பெயிலா இருக்கணும்மா. லிஸ்டு பார்த்துத்தான் பேரு ஏத்துவாங்க, ஆளுக்குக் கணக்கு இருக்கு." "அப்ப பெயில் போடுங்க." "லூசா நீ?" "ஆப்சென்ட்னு போடுங்க டீச்சர், அதானே உண்மை." டீச்சர் கர்ச்சீப்பால கழுத்தைத் துடைச்சாங்க. "ஆப்சென்ட் போட முடியாதும்மா. ஒன்பது நாளும் நீ வந்ததா செல்லுல மேல போயிருச்சு. இப்ப மாத்தினா எங்கிட்ட விளக்கம் கேப்பாங்க. நான் ரிட்டையராக இன்னும் ரெண்டு வருசம்தான் இருக்கு." நிறுத்திட்டு, மெதுவா, "பூஜ்யம் வேணா போடலாம். வந்து, எழுதி, ஒண்ணும் வாங்கலைன்னு. பரவாயில்லையா?" வந்தேன், எழுதினேன், பூஜ்யம் வாங்கினேன். மூணும் பொய்யி. மூணும் சேர்ந்தாத்தான் என்னைச் சேர்த்துக்குவாங்க. எனக்கு அழுகையும் ஆத்திரமுமா வருது. "போடுங்க டீச்சர்." "அம்மாவைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கணும்." "வரச் சொல்றேன்." சிவப்புப் பேனாவால ஐம்பத்தி நாலை அடிச்சு, பக்கத்துல ஒரு பூஜ்யம் போட்டு, வட்டம் கட்டினாங்க. "டேய், பூஜ்யத்தைக் கேட்டு வாங்குறாடா!"ன்னு முன் பெஞ்சுலருந்து ஒருத்தன் கத்த, பின்னால வரைக்கும் ஒரே சிரிப்பு. சிரிங்கடா. நான் கையெழுத்துப் போட்டேன். முழுப் பேரும் எழுதினேன்.

போகலாம்னு திரும்பினேன், டீச்சர் விடலை, லிஸ்டு மேல இருந்த என் கையைப் பிடிச்சிருந்தாங்க. அவங்க பார்வை கீழ போயிட்டிருந்துச்சு. "ரெண்டு பேப்பர் தவறிருச்சுன்னு நினைச்சேன்"ன்னாங்க. எனக்குச் சொன்னாங்களா தனக்குத்தானே சொன்னாங்களான்னு தெரியலை. "உன்னது ஒண்ணு." வராத மூணு பேருக்கு நேரா ஆப்சென்ட்னு சிவப்புல இருக்கு. மத்தவங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஒரு கட்டம் மட்டும் வெத்தாக் கிடக்கு. ஐம்பத்தெட்டு, வீரணன், நாப்பத்தி ஒன்பது. நீல மையி, மேல திறந்த நாலு. "வீரணன்"ன்னாங்க டீச்சர். சத்தத்துல யாருக்கும் கேக்கலை. எந்திரிச்சு நின்னு, அந்தக் கம்மின குரலை வச்சுக்கிட்டு, "வீரணன்! வீரணன் எந்திரி!"ன்னு கத்தினாங்க. யாரும் எந்திரிக்கலை. பையங்க ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கிட்டாய்ங்க. "அவன் யாரு பக்கத்துல உட்காருவான்?" "அப்படி ஒருத்தன் இருக்கானா டீச்சர்?"ன்னு ராசுப்பாண்டி கேட்டான், விளையாட்டுக்குக் கேக்கலை, நெசமாவே கேட்டான். அதுக்குப் பிறகுதான் கிளாசு அடங்குச்சு. ஜூன் மாசத்துலருந்து அந்த ரூம்பு அப்படி அடங்கி நான் பார்த்ததில்லை, மழைச் சத்தம் கேட்டுச்சு. தாரணி எந்திரிச்சு நின்னுக்கிட்டு அழுகுற மாதிரி முழிக்கிறா. டீச்சர் பதிவேட்டைப் புரட்டுறாங்க. இந்த மாசம் பூராவும் வந்திருக்கான். போன மாசமும் வந்திருக்கான். செல்லை எடுத்து நம்பரைத் தேடுறாங்க, ரெண்டு தடவை தப்பாத் தட்டி, மூணாவது தடவை அடிச்சுச்சு. நான் பக்கத்துல நின்னதால எனக்கும் கேட்டுச்சு. ஒரு பொம்பளை எடுத்துச்சு. "வீரணன் வீடாம்மா? பள்ளிக்கூடத்துலருந்து பேசுறேன், அவன் கிளாஸ் டீச்சர்." "அவன் ஆயுத பூசை முடிஞ்ச மறு வாரமே திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டானேம்மா. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே"ன்னுச்சு. "அதுக்கு முன்ன ஒரு வாரம் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பாம வீட்டுலதான் வச்சிருந்தோம், வேலைக்குப் போக மாட்டேன்னு அழுதான். பள்ளிக்கூடத்துலருந்து கேட்டாகன்னா அனுப்ப வேணாம், கேக்கட்டும் பாப்பம்னுதான் அவுங்கப்பாவும் இருந்தாரு. ஆரும் கேக்கலையேம்மா." டீச்சர் செல்லைக் காதுலருந்து எடுக்காமயே என்னைப் பார்த்தாங்க, "நீங்க ரெண்டு பேரும் ஒரே செக்சன்தானே, அவன் எப்படி இருப்பான்?"னு கேட்டாங்க. நான் யோசிச்சேன். ஆறு மாசம் ஒரே ரூம்பு. ஒவ்வொரு பெஞ்சா, ஒவ்வொரு மூஞ்சியா எட்டி எட்டிப் பார்த்தேன். எனக்கும் அவனைத் தெரியலை.